சாப்பர் தாத்தாவின் நான்கு பதக்கங்கள்: ஃபிரேமைப் பிரித்துத் திரும்பக் கட்டிய பதிவு

அத்தை வீட்டு முன்னறைச் சுவரில் ஒரு ஃபிரேம் ரொம்ப வருஷமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. கறுப்பு வெல்வெட் துணிமேல் நான்கு பதக்கங்கள். கீழே தங்க நிற எழுத்தில் "நம் குடும்பத்தின் வீரர்" என்று ஒரு வரி. பெயர் கிடையாது.

அவர் என் தாத்தாவின் அண்ணன். மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையில் இருந்ததால் குடும்பத்தில் எல்லோருக்கும் "சாப்பர் தாத்தா". 1940-இல் பட்டாளத்தில் சேர்ந்தார். 1944-இல் பர்மா முனையில் இறந்துபோனதாகத் தகவல் வந்தது. எந்த இடத்தில், எப்படி, உடலை எரித்தார்களா புதைத்தார்களா என்பதெல்லாம் வீட்டில் யாருக்கும் தெரியாது. போர் முடிந்த பிறகு பதக்கங்கள் வந்து சேர்ந்தன. அவ்வளவுதான் அவரைப் பற்றி எங்களிடம் மிச்சம்.

போன மழைக்காலத்துக்குப் பிறகு கண்ணாடியின் உள்பக்கம் மங்கலாகப் படலம் படிந்திருந்தது. நட்சத்திர வடிவப் பதக்கங்களின் ஓரத்தில் பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தது. "கடையில குடுத்து நல்லா பளபளன்னு பண்ணிட்டு வாடா" என்று அத்தை சொன்னார். "கடை வேண்டாம் அத்தை, நானே பிரிச்சுப் பார்க்கறேன், நீங்க கூட இருங்க" என்றேன். பழைய நாணயங்களைச் சுத்தம் செய்து பழக்கம் இருந்ததால் அந்தத் தைரியம். இதேபோல ஒரு ஃபிரேம் உங்கள் வீட்டிலும் இருக்கலாம் என்பதால் முழுக்க எழுதுகிறேன்.

முதலில் பிரிக்கும்முன் எல்லாக் கோணத்திலும் படம் எடுத்துக்கொண்டேன். எது எங்கே இருந்தது, எந்த ரிப்பன் எந்தப் பக்கம் என்பது பிறகு நினைவில் நிற்காது. பின்பலகையைக் கழற்றியதும் வினிகர் போல ஒரு புளித்த வாடை வந்தது. பலகை, மலிவான மரத்தூள் அட்டை. இந்த மாதிரி அட்டைகள் வருஷக்கணக்கில் மெல்ல அமில ஆவியை விட்டுக்கொண்டே இருக்கும். மூடிய ஃபிரேமுக்குள் அந்த ஆவிக்குப் போக்கிடம் இல்லை, பதக்கத்தின் மேல்தான் வேலையைக் காட்டும். கண்ணாடியும் பதக்கங்களைத் தொட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. ஈரம் தங்கும் இடம் அதுதான்.

பதக்கங்களைப் பார்த்தபோதுதான் மனசு கனத்தது. நான்கையும் துப்பாக்கிப் பசையால் வெல்வெட்டில் ஒட்டியிருந்தார்கள். சூடாக உருக்கி வைத்து இறுகவிடும் அந்தப் பசைதான். அதற்கு முன்னால் பித்தளை பாலிஷ் போட்டு முகத்தையும் விளிம்பையும் நன்றாகத் தேய்த்திருந்தார்கள். ஃபிரேம் போட்டவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. ஆனால் பதக்கத்தில் எது முக்கியம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. எங்கள் வீட்டிலும் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

வேலையை விடுங்கள், முதலில் அந்த நான்கும் என்ன என்று சொல்லிவிடுகிறேன்.

ஆறு முனை நட்சத்திரங்கள் இரண்டு. ஒன்று 1939–1945 ஸ்டார், இன்னொன்று பர்மா ஸ்டார். இரண்டும் செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம், நடுவில் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் முத்திரை எழுத்துகள், மேலே கிரீடம். வட்டமானவை இரண்டு. 1939–1945 போர்ப் பதக்கத்தின் பின்பக்கத்தில் இரட்டைத் தலை டிராகனின் மேல் ஒரு சிங்கம் நிற்கும். 28 நாள் சேவை இருந்தாலே இது கிடைக்கும். கடைசியாக இந்தியா சர்வீஸ் மெடல், பின்பக்கத்தில் இந்தியாவின் வரைபடம். போர்க்களத்துக்கு வெளியே மூன்று வருஷம் பணி செய்த இந்தியப் படையினருக்குக் கொடுத்தது. வட்டப் பதக்கங்கள் இரண்டும் செப்பு-நிக்கல் கலவை, 36 மில்லிமீட்டர் விட்டம்.

பர்மா ஸ்டார் 1941 டிசம்பர் 11-க்கும் 1945 செப்டம்பர் 2-க்கும் இடையில் அந்தப் போர்முனையில் இருந்தவர்களுக்கு. சாப்பர் தாத்தாவிடம் அது இருக்கிறது என்றால் அவர் அந்த எல்லைக்குள் கால் வைத்திருக்கிறார். வீட்டில் "பர்மாவுக்குப் போனாராம்" என்று வாய்வழியாகச் சொன்ன செய்திக்கு இந்த ஒரு நட்சத்திரம்தான் சாட்சி.

இவற்றை அணிவதற்கு ஒரு வரிசை உண்டு. மார்பின் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக 1939–1945 ஸ்டார், பர்மா ஸ்டார், போர்ப் பதக்கம், இந்தியா சர்வீஸ் மெடல். எதிரே நின்று பார்க்கும் நமக்கு இது இடமிருந்து வலம். எங்கள் ஃபிரேமில் அழகுக்காக இரண்டு வட்டங்களை நடுவிலும் நட்சத்திரங்களை ஓரங்களிலும் வைத்திருந்தார்கள்.

ரிப்பன்களில் இன்னும் பெரிய குழப்பம். 1939–1945 ஸ்டாரின் ரிப்பனில் மூன்று சம அகலப் பட்டைகள்: கருநீலம், சிவப்பு, வெளிர் நீலம். கடற்படையும் வணிகக் கப்பல்காரர்களும் கருநீலம், தரைப்படை சிவப்பு, விமானப்படை வெளிர் நீலம். நான்கில் இது ஒன்றுதான் இரு பக்கமும் ஒரே மாதிரி இல்லாத ரிப்பன். கருநீலம் மார்பின் நடுப்பக்கம் வரவேண்டும், அதாவது பார்ப்பவருக்கு இடது பக்கம். எங்களுடையது தலைகீழாகத் திரும்பியிருந்தது. பர்மா ஸ்டார் ரிப்பன் நடுவில் அகலமான சிவப்பு, இருபுறமும் கருநீலம், அந்த நீலத்துக்குள்ளே ஒரு ஆரஞ்சுக் கோடு. ஆரஞ்சு சூரியனைக் குறிக்கிறது. இது சரியாக இருந்தது, ஆனால் கீழ்ப்பாதி முழுக்கப் பசை ஊறிக் கெட்டியாகிவிட்டது. போர்ப் பதக்கத்தின் ரிப்பனை இராமபாணப் பூச்சி ஓரமாக அரித்திருந்தது.

இந்தியா சர்வீஸ் மெடலில் பழைய ரிப்பனே இல்லை. அது தொலைந்துபோயிருக்க வேண்டும். அதற்குப் பதிலாகக் காவி, வெள்ளை, பச்சை நாடாவை மாட்டியிருந்தார்கள். நாட்டுப்பற்றோடு செய்த காரியம், எனக்குப் புரிகிறது. ஆனால் அதே மூன்று நிறப் பட்டைகள் 1947 இந்திய சுதந்திரப் பதக்கத்தின் ரிப்பன். விஷயம் தெரிந்தவர் பார்த்தால், இவர் சுதந்திரத்தின்போது பட்டாளத்தில் இருந்தவர் என்று படிப்பார். 1944-இல் இறந்தவரைப் பற்றி அந்த நாடா பொய் சொல்லிக்கொண்டிருந்தது. பதக்க ரிப்பன் என்பது எழுத்துப் போல. நிறம் மாறினால் சொல் மாறிவிடும்.

சரி, பசைக்கு வருகிறேன். துப்பாக்கிப் பசையைக் கத்தியால் நெம்பக் கூடாது, உலோகத்தில் கீறல் விழும். சூடு காட்டினால் ரிப்பன் கருகும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலை ஒரு சொட்டு மருந்துக் குப்பியில் எடுத்து, பசைக்கும் உலோகத்துக்கும் நடுவே உள்ள ஓரத்தில் மெல்ல விட்டேன். ரிப்பன் பக்கம் ஓடாமல் இருக்கப் பஞ்சை அணையாக வைத்தேன். இரண்டு மூன்று நிமிஷம் பொறுத்தால் ஆல்கஹால் இடுக்கில் புகுந்து பசையின் பிடியைத் தளர்த்திவிடும். பிறகு மூங்கில் குச்சியால் ஓரத்தைத் தூக்கினால் மொத்தமாகக் கழன்று வரும். போர்ப் பதக்கம் முதல் முயற்சியிலேயே வந்தது. பர்மா ஸ்டாருக்கு நான்கு தடவை ஆனது. முனைகளுக்கு இடையில் பசை ஓடி உட்கார்ந்திருந்தது. அந்த ஒன்றுக்கே ஒரு மாலைப்பொழுது போனது. வேலை செய்யும்போது ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் விளக்கோ அடுப்போ எரியக் கூடாது.

துணியில் ஊறிய பசை வரவில்லை. ஆல்கஹால் பட்டதும் ரிப்பனின் சிவப்பு பஞ்சில் லேசாக இறங்கியது. அங்கேயே நிறுத்திவிட்டேன்.

களிம்புக்கு மினரல் ஆயில். ஒரு துளி வைத்து ஒரு நாள் விட்டால் பச்சை இளகும். பூதக்கண்ணாடிக்குக் கீழே பல்குத்தும் குச்சியின் நுனியால் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, பஞ்சால் ஒற்றி, திரும்பவும் எண்ணெய். அத்தை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "புளி போட்டுத் தேய்ச்சா ஒரு நிமிஷத்துல போயிடுமே" என்றார். குத்துவிளக்குக்கு அது சரி. புளியின் அமிலம் களிம்போடு சேர்த்து உலோகத்தின் மேல்தோலையும் கரைக்கும். விளக்கில் போனால் பளபளப்பு வரும், பதக்கத்தில் போனால் எழுத்து போகும். பச்சை போனதும் நிறுத்திவிட வேண்டும். கீழே இருக்கும் பழுப்பு நிறம் அழுக்கு இல்லை, எண்பது வருஷத்தில் உலோகம் தானே போர்த்திக்கொண்ட போர்வை. அது இருக்கட்டும். கடைசியில் எண்ணெய் போக ஆல்கஹாலால் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகு அருங்காட்சியகங்களில் பயன்படுத்தும் மைக்ரோ கிரிஸ்டலைன் மெழுகை மெல்லிசாகப் பூசினேன். இதையெல்லாம் பருத்திக் கையுறை போட்டுக்கொண்டுதான் செய்தேன். விரல் வியர்வையின் உப்பு மறுபடி களிம்பைக் கொண்டுவரும்.

எழுத்து போகும் என்று சொன்னேன் இல்லையா, அதுதான் இந்த வேலையில் எனக்கு உயிர்நாடி. பிரிட்டனில் இந்த இரண்டாம் உலகப் போர்ப் பதக்கங்களைப் பெயர் பொறிக்காமலேயே கொடுத்தார்கள். இந்தியா, தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியப் படையினருக்கு வந்தவற்றில் பெயர் பொறித்தார்கள். வட்டப் பதக்கத்தில் விளிம்பில், நட்சத்திரத்தில் பின்பக்கத்தில். படை எண், பதவி, பெயர், படைப்பிரிவின் சுருக்கம். பதக்கத்தின் முகத்தில் இருப்பது மன்னர். ஆளின் பெயர் இருப்பது அந்த ஓரத்தில்தான், மூன்று மில்லிமீட்டர்கூடத் தேறாத அகலத்தில்.

பாலிஷ் போட்டுத் தேய்த்ததில் போர்ப் பதக்கத்தின் விளிம்பில் பாதி எழுத்து மழுங்கிவிட்டது. படை எண்ணில் மூன்றாவது இலக்கம் 3-ஆ 8-ஆ என்று தெரியவில்லை, கடைசி இலக்கம் சுத்தமாகப் போய்விட்டது. அறை விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைப் பதக்கத்துக்குக் கிட்டத்தட்டப் படுக்கையாக வைத்து ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வெளிச்சம் பாய்ச்சினேன். மழுங்கிய எழுத்துக்கும் கொஞ்சம் பள்ளம் இருக்கும், அந்தப் பள்ளத்தில் நிழல் விழும். பதக்கத்தைச் சிறிது சிறிதாகத் திருப்பி இருபது படங்கள் எடுத்தேன். அப்புறம் மெல்லிய டிரேசிங் தாளை விளிம்பில் சுற்றி, மென்மையான பென்சிலைச் சாய்த்துப் பிடித்துத் தேய்த்தேன். கல்வெட்டுக்கு மைப்படி எடுப்பதுபோலத்தான். கறுப்புப் பட்டையில் எழுத்துகள் வெள்ளையாக ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. போரில் விழுந்தவனுக்குக் கல் நட்டு, அதில் பெயரும் பீடும் எழுதி, மயில்பீலி சூட்டியது நம் சங்க கால வழக்கம். அந்தக் கல் செய்த வேலையை இங்கே ஒரு உலோக விளிம்பு செய்துகொண்டிருந்தது.

பதவி தெரிந்தது: சாப்பர் என்பதன் சுருக்கம். படைப்பிரிவும் தெரிந்தது, இந்தியப் பொறியாளர் படையின் இரண்டு எழுத்து. இந்தியா சர்வீஸ் மெடலின் விளிம்பில் கடைசி இலக்கம் 7 என்று கிடைத்தது. மூன்றாவது இலக்கம் அதிலும் தேய்ந்திருந்தது.

மிச்சம் நட்சத்திரங்கள். ஃபிரேம் போட்டவர் தேய்த்தது முகத்தையும் விளிம்பையும் மட்டும். பின்பக்கம் வெல்வெட்டில் ஒட்டப்போகிறது என்று விட்டுவிட்டார். பர்மா ஸ்டாரின் பின்னால் கடைசிப் பசைத் துண்டு கழன்று வந்தபோது, அதன் அடியில் முழு வரியும் நேற்று அடித்ததுபோல இருந்தது. மூன்றாவது இலக்கம் 8.

இதைவிட முக்கியமாக அங்கே பெயர் முழுசாக இருந்தது. நாங்கள் வீட்டில் எழுதும் ஆங்கில எழுத்துக்கூட்டல் இல்லை அது. எங்கள் பெயரில் ஒரு ழகரம் வரும். பட்டாளத்து எழுத்தர் தன் காதில் விழுந்தபடி வேறு எழுத்துப் போட்டிருக்கிறார், முதலெழுத்தையும் பெயரோடு சேர்த்து எழுதிவிட்டார். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையத் தேடலில் சில வருஷங்களுக்கு முன்பு நான் எங்கள் எழுத்துக்கூட்டலில் தேடி ஒன்றும் கிடைக்காமல் விட்டிருந்தேன். அன்று இரவு படை எண்ணைப் போட்டுத் தேடினேன். ஒரே ஒரு பதிவு வந்தது. 1944-ஆம் வருஷம், ரங்கூன் நினைவுச்சின்னம், எந்தத் தூணின் எந்த முகத்தில் என்பது வரை இருந்தது.

ரங்கூன் நினைவுச்சின்னம் யாங்கோனுக்கு (பழைய ரங்கூன்) வடக்கே சுமார் 35 கிலோமீட்டரில், தவுக்யான் போர்க் கல்லறைக்குள் இருக்கிறது. பர்மாப் போரில் இறந்து, கல்லறை இன்னதென்று அறியப்படாத கிட்டத்தட்ட 27,000 பேரின் பெயர்களை அங்கே கல்லில் செதுக்கியிருக்கிறார்கள். எரியூட்டப்பட்டவர்களுக்குத் தனியாக நினைவிடங்கள் உண்டு. கொஹிமாவில் மட்டும் அப்படி 917 இந்து, சீக்கிய வீரர்களின் பெயர்கள். சாப்பர் தாத்தா பெயர் அந்த வரிசையில் இல்லை, ரங்கூனில் இருக்கிறது. அதாவது உடல் என்ன ஆனது என்பதற்குப் பதிவே இல்லை. வீட்டில் எல்லோரும் தயங்கித் தயங்கிக் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். அத்தையிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "பேர் கல்லுல இருக்கா?" என்று மட்டும் கேட்டார். இருக்கிறது என்றேன்.

மற்ற வேலைகள் சுருக்கமாக. புது ரிப்பன்கள் 32 மில்லிமீட்டர் அகலத்தில் வாங்கினேன். பர்மா ஸ்டாருக்கு ஒன்று, போர்ப் பதக்கத்துக்கு ஒன்று, இந்தியா சர்வீஸ் மெடலுக்கு அதற்குரிய வெளிர் நீலமும் கருநீலமும் கலந்தது. 1939–1945 ஸ்டாரின் பழைய ரிப்பன் நன்றாகவே இருந்தது, சரியான பக்கம் திருப்பி அதையே மாட்டினேன். கழற்றிய பழையவற்றை எறியவில்லை, மூவர்ண நாடாவையும்கூட. ஒவ்வொன்றையும் அமிலம் இல்லாத காகித உறையில் போட்டு, எது எதில் இருந்தது என்று பென்சிலால் எழுதி ஃபிரேமின் பின்னறையில் வைத்திருக்கிறேன். பி.வி.சி. பிளாஸ்டிக் உறை மட்டும் வேண்டாம், அது நாளாக நாளாகப் பிசுபிசுத்து உலோகத்தில் பச்சை ஏற்றிவிடும்.

புதுப் பலகைக்கு அமிலம் இல்லாத மவுண்ட் அட்டை, அதன்மேல் கஞ்சி போக அலசிய பருத்தித் துணி. பசை ஒரு சொட்டுக்கூட இல்லை. பதக்கங்களை ஊசி நூலால்தான் கட்டினேன். ரிப்பனின் மேல் மடிப்பைத் துணியில் தைத்து, பதக்கம் ஆடாமல் இருக்க அதன் கழுத்தில் பருத்தி நூலால் ஒரு சுற்று. நாளைக்கு யாராவது கழற்ற வேண்டுமென்றால் நூலை வெட்டினால் போதும். கண்ணாடிக்கும் பதக்கத்துக்கும் நடுவே ஒன்றரை சென்டிமீட்டர் இடைவெளி விட்டு ஓரத்தில் கட்டை வைத்தேன். புறஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி போட்டேன், ரிப்பன் வெளுக்காமல் இருக்க அது உதவும். வெயில் படாத, மழை ஊறாத உள்சுவரில் மாட்டியாயிற்று.

பின்பலகையில் மட்டும் எனக்கு வேண்டிய ஒரு மாற்றம் செய்தேன். பர்மா ஸ்டாருக்கு நேர் பின்னால் அட்டையிலும் துணியிலும் ஒரு சின்ன ஜன்னல் வெட்டி, திருகாணி போட்ட ஒரு மூடி வைத்தேன். ஃபிரேமைக் கழற்றி மூடியைத் திறந்தால் அந்தப் பெயர் வரியைப் பார்க்கலாம். பென்சில் பிரதியையும் எடுத்த படங்களையும் அதன் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன்.

கீழே இருந்த தங்க எழுத்து அட்டையை எடுத்துவிட்டேன். அதற்குப் பதிலாக ஐந்து வரி: படை எண், பதவி, தமிழில் பெயர், பட்டாளம் எழுதியபடி பெயர், ரங்கூன் நினைவுச்சின்னத்தில் அவர் பெயர் இருக்கும் இடம். உறவுக்காரப் பையன் ஒருவன் சிவப்புப் பாப்பிப் பூ ஒன்றையும் ஓரத்தில் வைக்கலாமே என்றான். முதல் உலகப் போரில் பிளாண்டர்ஸ் வயல்களில் பூத்த பூ அது, 1921-இலிருந்து பிரிட்டனில் போரில் இறந்தவர்களின் நினைவாக அதை அணிகிறார்கள். இந்தியாவில் அந்தப் போரின் நூற்றாண்டையொட்டிச் செண்டுமல்லியை நினைவுப் பூவாக வைக்கும் வழக்கத்தைச் சிலர் தொடங்கியிருக்கிறார்கள். பாப்பி தப்பில்லை, ஆனால் அவர் போனது பர்மாவுக்கு. பூ வேண்டுமென்றால் செண்டுமல்லியே இருக்கட்டும், அதுவும் ஃபிரேமுக்கு உள்ளே வேண்டாம் என்றேன், ஈரம் ஆகாது.

இன்னொன்றும் அவன் கேட்டான், குடும்பத்தார் இந்தப் பதக்கங்களை அணியலாமா என்று. காமன்வெல்த் நாடுகளின் வழக்கப்படி நினைவு நாளில் வாரிசுகள் வலது மார்பில் அணிகிறார்கள். இடது மார்பு, பதக்கம் பெற்றவருக்கு மட்டும்.

அத்தை ஃபிரேமுக்குக் கீழே இருக்கும் சின்னப் பலகையில் காலையில் ஒரு செண்டுமல்லி வைக்கிறார், சாயங்காலம் எடுத்துவிடுகிறார். உள்ளே ஈரம் உறிஞ்ச வைத்த சிலிக்கா ஜெல் பொட்டலத்தை அடுத்த மழைக்கு முன்னால் மாற்ற வேண்டும், நாட்காட்டியில் குறித்திருக்கிறேன். அன்றைக்குத் திருகாணியைக் கழற்றும்போது கட்டாயம் தன்னையும் கூப்பிட வேண்டும், பின்பக்கத்து எழுத்தைக் கையால் தொட்டுப் பார்க்கணும் என்று சொல்லியிருக்கிறார். ஒரு ஜோடிக் கையுறை அவருக்கும் வாங்கி வைத்திருக்கிறேன்.